மூன்றாவது குடிலில் ஒரு பச்சை நித்தியகல்யாணி

எங்கள் வீட்டில் யாரையும் நல்ல மனிதர் என்று புகழ மாட்டார்கள். "நல்ல கண்ணு" என்பார்கள். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அப்பாவுக்கு நல்ல கண். அவருடைய அப்பாவுக்கு அதைவிட நல்ல கண். எனக்குச் சுமாரான கண்தான், ஆனால் வாய் கொஞ்சம் அதிகம். நாங்கள் நித்தியகல்யாணி விதை தயாரிக்கிறவர்கள். ஒரு குடிலுக்கு ஒரு நிறம். முதல் குடிலில் வெள்ளை, இரண்டாவதில் இளம் ரோஸ், மூன்றாவதில் வாடாமல்லி நிறம். எங்கள் விதையைப் போட்டால் தோட்டம் முழுக்க ஒரே நிறத்தில் பூக்கும். ஒரு செடிகூட மாறாது. அதை நம்பித்தான் எங்களிடம் வாங்குகிறார்கள்.

ஆனால் செடி சொன்ன பேச்சைக் கேட்குமா? நித்தியகல்யாணி இனத்துக்கே ரத்தத்தில் ஒரு குறும்பு உண்டு. நேற்றுவரை அம்மாவைப் போலவே இருந்த வரிசையில் இன்று ஒன்று நடுவில் சிவப்புப் பொட்டோடு வந்து நிற்கும். இன்னொன்று இதழைச் சுருட்டிக்கொள்ளும். மற்றொன்று வளரவே மாட்டேன் என்று குட்டையாக உட்கார்ந்துகொள்ளும். யாரைக் கேட்டு மாறினாய் என்றால் பதில் வராது. இப்படி மாறி வருகிற செடிக்குக் கலவன் என்று பெயர். தினமும் காலையில் பூ விரிந்ததும் வரிசை வரிசையாக நடந்து, கலவனைக் கண்ட இடத்திலேயே பிடுங்குவதுதான் எங்கள் தலையாய வேலை.

அப்பா பிடுங்குவதைப் பார்க்க வேண்டும். அவர் குனிவதே தெரியாது. கை போகும், சடக்கென்று ஒரு சத்தம், முழங்காலில் வேரை ஒரு தட்டு, செடி கூடைக்குள் கிடக்கும். அவர் அடுத்த வரிசையில் இருப்பார். பேசிக்கொண்டே பிடுங்குவார், பாடிக்கொண்டே பிடுங்குவார். தூக்கத்தில் போர்வையையும் பிடுங்குகிறார் என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நான் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரைக் காதலித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

தண்ணீர் தெளிக்கிற டைமர் கெட்டுப்போய் அவர் கடைக்குப் போனதில் ஆரம்பித்தது. சின்னச் சாமணத்தால் அவர் உள்ளேயிருந்த சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்த அழகைப் பார்த்து நான் அங்கேயே காலி. மறுநாள் சமையலறைக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அடுத்து அம்மாவின் கைக்கடிகாரம். வீட்டில் நின்றுபோன கடிகாரமெல்லாம் தீர்ந்ததும், ஓடுகிற கடிகாரத்தைத் தரையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை யாரோ வேணும்னே போட்ட மாதிரி இருக்கே?" என்றார். "ஆமாங்க, நான்தான்" என்றேன். அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. கல்யாணம் அன்றே நிச்சயமானதாக நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

அப்பா எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். அவர் "பார்க்கலாம்" என்றார். கல்யாணம் முடிந்த பிறகும் அதே "பார்க்கலாம்"தான். ஒரு பருவம் மூன்றாவது குடிலை இவர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்க விதை ஆய்வாளர் வந்து, கலவன் இல்லை, குடில் தேறியது என்று சொன்னால் நாங்கள் இருவரும் இங்கேயே இருந்து தொழிலைப் பார்க்கலாம். தேறவில்லை என்றால் டவுனுக்குப் போய்க் கடிகாரக் கடையில் குடித்தனம் நடத்த வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டுப் போங்க, நான் வேண்டாங்கலை" என்றார் அப்பா.

எனக்கு இவரும் வேண்டும், குடிலும் வேண்டும். இரண்டில் எதை விடச் சொன்னாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

குடிலுக்குள் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது என்றும் அப்பா சொல்லிவிட்டார். அவரைச் சோதித்தபோது அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தாராம். முக்கியமாக நான் போகக் கூடாது. கண்ணைக் கடன் கொடுத்துவிடுவேனாம்.

வேலையில் இவர் சூரர். நித்தியகல்யாணிப் பூவில் மகரந்தம் மெல்லிய குழலுக்குள் மேலே ஒளிந்திருக்கும். அது சேர வேண்டிய இடம் கொஞ்சம் கீழே இருக்கும். மயிரிழை தூரம்தான், ஆனால் தானாக ஒட்டாது. ஒரு நுண்ணிய தூரிகை மயிரை உள்ளே விட்டு எடுத்தால்தான் விதை பிடிக்கும். பூச்சி நுழையாமல் வலை கட்டிய குடிலில் அந்த வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும். எனக்குப் பத்துப் பூ செய்தால் கண் இருட்டும். இவர் விசில் அடித்துக்கொண்டே வரிசை வரிசையாக முடிப்பார். ஒவ்வொரு செடிக்கும் தூரிகையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். பருவம் தொடங்குமுன் வெளியே ஒரு தொட்டிச் செடியில் இவர் செய்து காட்டியதைப் பார்த்த அப்பா, "கை நல்ல கைதான்" என்று ஒப்புக்கொண்டார். "கண்ணு எப்படின்னு பார்க்கலாம்."

சாயங்காலமானால் அப்பா கேட்பார். "என்ன கடிகாரக்காரரே, இன்னிக்கு எத்தனை கலவன்?"

"ஒண்ணுகூட இல்ல மாமா."

"ஒண்ணுகூட?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு."

ஒரு நாள் இப்படி என்றால் பரவாயில்லை. பருவம் முழுக்க இதே பதில். அப்பாவுக்கு முதலில் சந்தேகம் வந்தது, பிறகு ஆச்சரியம், கடைசியில் கொஞ்சம் பொறாமையே வந்துவிட்டது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். என் புருஷன் குடிலில் செடிகூட மாறப் பயப்படுகிறது என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

ஆய்வாளர் வருகிற நாள் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையில் காபி டம்ளரோடு மூன்றாவது குடிலுக்குள் நுழைந்துவிட்டேன். பருவம் முடிந்தாயிற்று, இனி என்ன தடை? வலைக்கதவைத் தள்ளியதும் கண் கூசும் வாடாமல்லி நிறம். கதவிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே நிறம். அழுதுவிடுவேன் போல இருந்தது.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நட்ட நடு வரிசையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உடம்பு முழுக்கப் பூத்த ஒரு செடி. பூவெல்லாம் பச்சை. இளம்பச்சை இதழ்கள், நடுவில் மட்டும் ஒரு வாடாமல்லிப் பொட்டு. கதவருகே நின்றாலே தெரிந்தது. பக்கத்து ஊரிலிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

இவர் அதற்குப் பக்கத்திலேயே நின்று, அதன் மேல் விழுந்திருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா! எப்படி இருக்கு பார்த்தியா? ஒண்ணுகூட மாறலை."

நான் சிரித்தேன். இவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். "சரி சரி, இதை எதுக்குங்க வெச்சிருக்கீங்க? அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வரவழைக்கவா?"

"எதை?"

"இதைத்தான்."

"இதுக்கு என்ன?"

"பச்சையா இருக்கே!"

இவர் செடியைப் பார்த்தார். பக்கத்துச் செடியைப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார். முகத்தில் நடிப்பு துளியும் இல்லை. "பச்சை இலைதானே?" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கல்யாணத்துக்கு முன் இவர் எனக்கு முதன்முதலாகக் கொடுத்த பரிசு தோட்ட வேலைக்கான கையுறை. வலது கைக்கு வாடாமல்லி நிறம், இடது கைக்குப் பச்சை. நான் அதைப் பெரிய காதல் கவிதை என்று எடுத்துக்கொண்டேன். ஒன்று நீ, ஒன்று நான், இரண்டும் சேர்ந்தால்தான் ஜோடி என்று நானே அர்த்தம் கற்பித்து ஊரெல்லாம் காட்டிக்கொண்டு அலைந்தேன்.

"ஏங்க, அந்தக் கையுறை என்ன கலர்?"

"ரெண்டும் ஒரே கலர்தானே? கடையில ஒரு பெட்டியில கலைஞ்சு கிடந்துச்சு. தேடி ஜோடி சேர்க்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. காபி முழுவதும் மடியில். "உங்களுக்கு நிறமே தெரியாதா?"

"தெரியும். இலை இருட்டா இருக்கும், பூ வெளிச்சமா இருக்கும்" என்றார் அப்பாவியாக. "நிறம் விஷயத்துல ஊரே கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுதுன்னு நினைச்சேன்."

அதற்குள் வெளியே பேச்சுக்குரல் கேட்டது. அப்பாவும் ஆய்வாளரும் வந்துகொண்டிருந்தார்கள்.

நல்ல பெண்ணாக இருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கிப் பாவாடைக்குள் மறைத்திருக்க வேண்டும். கையை வைத்தும்விட்டேன். எங்கள் குடும்பத்துக் கைதானே, தானாகவே போயிற்று. ஆனால் பிடுங்க முடியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது சனியன்! பச்சைப் பூ பூக்கிற நித்தியகல்யாணியை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பூக்களை மட்டும் மளமளவென்று கிள்ளி ஏப்ரன் பைக்குள் திணித்தேன். பூ இல்லாத செடியை யார் கண்டுபிடிப்பார்கள்?

ஆய்வாளர் கண்டுபிடித்தார். சிரித்தே பழக்கமில்லாத அந்த அம்மாள் நேராக நடு வரிசைக்கு வந்து, குனிந்து, செடியின் தண்டைப் பார்த்தார். வாடாமல்லி நிறம் பூக்கிற செடிக்குத் தண்டும் சிவந்திருக்கும். இதற்குத் தண்டும் பச்சை. சின்ன வயதிலிருந்து எனக்கே தெரிந்த பாடம், பதற்றத்தில் மறந்துபோனது.

"இந்தச் செடியில பூ எங்க?" என்றார் அவர்.

"உதிர்ந்திருக்கும் மேடம்" என்றேன்.

"மத்ததுல எதுவும் உதிரலையே?"

"இது கொஞ்சம் அவசரக்காரச் செடி மேடம்."

அப்பா என்னைப் பார்த்தார். என் மடியில் காபி, ஏப்ரன் பை பலூன் மாதிரி உப்பியிருந்தது. "பையில என்னம்மா?" என்றார். நான் கையால் பொத்தினேன். பொத்திய வேகத்தில் பை பிதுங்கிப் பச்சைப் பூக்கள் ஆய்வாளரின் காலடியில் கொட்டின.

அப்பாவின் முகம் வெளுத்தது. கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பயம். நித்தியகல்யாணிக்கு ஒரு கொள்ளை நோய் உண்டு. அது வந்தால் பூவெல்லாம் பச்சையாகி இலை போல மாறிவிடும். பூச்சி வழியாகப் பரவும். ஒரு செடிக்கு வந்தால் குடில் மொத்தத்தையும் எரிக்க வேண்டும்.

"பச்சைப்பூ நோய்" என்றார் அப்பா. "எரிக்கணும். எல்லாத்தையும் எரிக்கணும்."

குடில் தேறுமா தேறாதா என்ற கவலை போய், குடிலே இருக்குமா என்றாகிவிட்டது. ஆய்வாளர் ஒரு பூவைப் பொறுக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கிழித்துப் பார்த்தார். நாங்கள் மூவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இதழ் இதழாத்தான் இருக்கு. மகரந்தமும் இருக்கு" என்றார். "ஆனா இது மட்டும் போதாது. நோய் வந்த செடி விதை பிடிக்காது. இதுல காய் இருக்கா?"

"காய் இருக்கே" என்றார் என் கணவர்.

எல்லோரும் திரும்பினோம்.

"எல்லாச் செடிக்கும் பண்ணின மாதிரி இதுக்கும் தூரிகை விட்டேன். கீழ்க்கிளையில பாருங்க, முத்தின காயே இருக்கு."

ஆய்வாளர் இலைகளை விலக்கினார். ஒல்லியான காய்கள் இரண்டு இரண்டாக நின்றன. ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளங்கையில் கறுகறுவென்று விதைகள் விழுந்தன. அந்த அம்மாள் சிரித்தார்! எனக்கு அதைவிட ஆச்சரியம் வேறு இல்லை.

"நோய் இல்ல சார். செடி தானா மாறியிருக்கு. புதுசா ஒண்ணு வந்திருக்கு. என் அனுபவத்துல இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்ல."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அரசாங்க அதிகாரியைக் கட்டிப்பிடிக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பழைய முகத்துக்குத் திரும்பினார். "ஆனா கலவன் கலவன்தான். இது இருக்கிறவரைக்கும் குடில் தேறாது. என் கண் முன்னாடி பிடுங்கிடுங்க, தேறிடுச்சுன்னு எழுதிடறேன்."

அப்பாவின் கை நீளவில்லை. தூக்கத்தில் போர்வையைப் பிடுங்குகிறவரின் கை, பக்கத்திலேயே சும்மா தொங்கியது.

"பிடுங்கினதை என்ன பண்ணணும்னு விதியில ஏதாவது இருக்கா மேடம்?" என்றார்.

"பிடுங்கணும்னுதான் இருக்கு. அப்புறம் அது உங்க பாடு."

அப்பா செடியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு உயிரோட எடுக்க வராது" என்றார் என் கணவரிடம். "பிடுங்கிப் பிடுங்கிப் பழகின கை. நீங்க எடுங்க."

என் கணவர் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். சாமணத்தையும் மெல்லிய கத்தியையும் வைத்துக்கொண்டு, கடிகாரத்தின் வயிற்றைத் திறக்கிற அதே பொறுமையோடு, மண்ணை விலக்கி வேர் வேராக விடுவித்தார். வெயில் ஏறியது, ஆய்வாளருக்கு நேரமானது, ஆனாலும் அவர் நகரவில்லை. கடைசியில் செடி என் கணவரின் கைகளில் எழுந்து வந்து தொட்டியில் உட்கார்ந்தது. ஓர் இலைகூட வாடவில்லை.

"பிடுங்கியாச்சா?" என்றார் ஆய்வாளர்.

"பிடுங்கியாச்சு" என்றார் அப்பா.

"அப்ப தேறிடுச்சு."

ஆய்வாளர் போனதும் என் கணவர் எழுந்து நின்றார். சட்டை முழுக்க மண். "மாமா, எனக்கு இது பச்சைன்னு தெரியாது. ஒண்ணுகூட மாறலைன்னு தினமும் சொன்னேனே, அது பொய் இல்ல. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. இந்தத் தொழிலுக்கு நான் லாயக்கு இல்ல."

"குடில் தேறிடுச்சு. கண்ணு தேறலை" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்து சண்டைக்குப் போகப் போனேன். அப்பா காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"நான் பார்த்திருந்தா முதல் பூ விரிஞ்ச அன்னிக்கே சடக்குன்னு போயிருக்கும். விதையாவது ஒண்ணாவது" என்றார். "எங்க அப்பாவும் நானும் எத்தனையைப் பிடுங்கிப் போட்டோமோ. இதே பச்சைகூட வந்திருக்கும். நல்ல கண்ணு, நல்ல கண்ணுன்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு கூடை குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வருத்தம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நானும் சிரித்தேன். என் கணவர் எதற்கு என்று புரியாமலே சேர்ந்துகொண்டார். அம்மா ஓடிவந்து, குடிலில் விஷப்புகை ஏதும் கசிந்துவிட்டதா என்று கேட்டாள்.

கடிகாரக் கடைக்குப் போகும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அந்தப் பச்சைச் செடியின் விதைகளை அடுத்த பருவத்தில் தனியாக ஒரு சின்னக் குடிலில் விதைத்தோம். முதல் பூக்கள் விரிந்த காலையில் நால்வரும் உள்ளே போனோம். வரிசை முழுக்கப் பச்சை! நான் வலையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அம்மா பூக்களை எண்ண முயன்று பாதியில் விட்டுவிட்டாள். என் கணவர் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே பார்க்க வேறொன்றும் இல்லை.

அப்பா முன்னால் போனார். நடு வரிசையில் அவர் கை சட்டென்று கீழே பாய்ந்தது. நான் எட்டிப் பார்த்தேன். ஒரு செடியில் மட்டும் ஒவ்வொரு இதழும் பாதி பச்சை, பாதி வாடாமல்லி, கோடு போட்டுப் பிரித்த மாதிரி. அப்பாவின் விரல்கள் அதன் அடித்தண்டை இறுக்கிப் பிடித்திருந்தன. மண்கூடக் கொஞ்சம் வெடித்துவிட்டது. ஆனால் கை அங்கேயே நின்றது.

"மாப்ளே, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "இந்தச் செடி வேற மாதிரி தெரியுதா, பார்த்துச் சொல்லுங்க."

என் கணவர் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். பூவைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்துச் செடியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கடிகார வேலைக்கான பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு இன்னொரு முறையும் பார்த்தார்.

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு மாமா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன் மாமா. ஒரு வித்தியாசமும் இல்ல."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, வெடித்த மண்ணை வேரைச் சுற்றி அணைத்து அமுக்கிவிட்டு, அப்பா அடுத்த செடிக்கு நகர்ந்தார்.